போட்டோஷாப்பில் முப்பரிமாண எழுத்து லோகோ
3000 × 2000 பிக்சல் கோப்பைத் திறந்து, பின்னணியை வெறுமையாக (டிரான்ஸ்பரன்ட்) விட்டு, தடித்த எழுத்துருவில் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். மெல்லிய எழுத்துரு வேண்டாம்: பக்கவாட்டுத் தடிமன் சேர்ந்ததும் எழுத்தின் முகப்பு எடுபடாது. எழுத்தைச் சாய்க்க நினைத்தால் இப்போதே சாய்த்துவிடுங்கள்.

எழுத்து லேயரை (எழுத்து இருக்கும் அடுக்கை) நகலெடுங்கள். மேலுள்ளது முகப்பு. கீழுள்ளதற்கு அதே நிறத்தின் அடர்ந்த சாயலைக் கொடுத்து ராஸ்டரைஸ் செய்யுங்கள், அதாவது எழுத்தைப் பிக்சல் படமாக மாற்றுங்கள். அந்த லேயரைத் தேர்ந்து, மூவ் டூலில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வலது அம்புக்குறி ஒருமுறை, கீழ் அம்புக்குறி ஒருமுறை என மாறிமாறி 60 தடவை தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் 1 பிக்சல் நகர்ந்த நகல் உருவாகும். பொறுமையிழந்து ஷிஃப்டையும் சேர்த்தால் 10 பிக்சல் தாவி, ஓரம் படிக்கட்டாகிவிடும்.

முகப்பைத் தவிர்த்து, கீழுள்ள லேயர்களை மட்டும் ஒன்றிணைத்து கிரேடியன்ட் ஓவர்லே (நிறம் படிப்படியாக மாறும் மேற்பூச்சு) கொடுங்கள். முகப்புக்கு பெவல் (விளிம்பைச் சரிவாகக் காட்டும் விளைவு), அளவு 4 முதல் 6 பிக்சல் போதும். கூட்டினால் பிளாஸ்டிக் போலத் தெரியும். ஒளிக்கோணம்தான் உயிர்நாடி. தடிமன் வலது கீழே போவதால் ஒளி இடது மேலிருந்து, அதாவது 120 பாகையில் வரவேண்டும். மாறினால் ஆழமே தெரியாது.

பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். 64 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கும்போது பக்கவாட்டு கறையாகத் தெரிந்தால், அந்த அளவுக்குத் தடிமன் இல்லாத தட்டைப் பதிப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.