‘எடுத்தா பழகிரும்’: கைப்பிள்ளை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். சேலைத் தொட்டிலில் நாலு மாதப் பிள்ளை வீறிட்டு அழுகிறது. அம்மா கண்கலங்கி வாசற்படியில் இருக்கிறாள். “எடுத்தா பழகிரும்னு மாமி சொன்னாவ, டீச்சர்” என்றாள். என் மூத்தவளுக்கு நானும் இதையே செய்தேன்.

தடுப்பூசி, எடை பற்றியெல்லாம் எல்லாரும் சொல்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அழவிட்டுப் பழக்குவது

இந்த ஒன்றைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நாலு மாதப் பிள்ளைக்குப் பிடிவாதம் பிடிக்கத் தெரியாது. திட்டம் போட உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். அழும்போது கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும். அதைத் தனியாக இறக்கப் பிள்ளைக்குத் தெரியாது. நாம் தோளில் போட்டு முதுகைத் தட்டினால்தான் அடங்கும். கூப்பிட்டால் ஆள் வரும் என்று ஆயிரம் முறை கண்ட பிறகே, தானாக அமைதியாகும் வழி மூளையில் உறுதிப்படும். இந்த வயதில் நரம்பு இணைப்புகள் மளமளவென்று உருவாகின்றன. பயன்படுபவை தங்கும், மற்றவை உதிரும்.

என் மகள் மூன்றாம் நாள் அழுகையை நிறுத்தினாள். பழகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். கூப்பிட்டுப் பயனில்லை என்று அவள் விட்டுவிட்டாள் என்பது வெகுநாள் கழித்தே எனக்கு உறைத்தது.

சில்வியா பெல், மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர்கள் இருவரும் 26 தாய்களையும் பிள்ளைகளையும் ஓராண்டு கவனித்து, 1972-இல் எழுதினார்கள்: தொடக்க மாதங்களில் உடனே எடுக்கப்பட்ட பிள்ளைகள் ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுதார்கள். மாமி சொன்னதற்கு நேர் எதிர். சரி, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஐந்து நிமிடம் அழுதால் மூளை கெட்டுவிடாது. அழவிடுவதையே முறையாக வைப்பதுதான் தவறு.

சோறூட்டும்போது போன்

எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்த சோதனையில், தாய் சில நிமிடம் முகத்தை அசைக்காமல் வைத்திருந்தாள். பிள்ளை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. போனைப் பார்க்கும் அம்மாவின் முகமும் பிள்ளைக்கு அப்படித்தான்.

ஆச்சி வளர்த்தால் பாசம் குறையும் என்ற பயம்

குறையாது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் விடியுமுன்பே கிளம்ப வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பிள்ளையை ஆச்சியிடம் விட்டுத்தான் போவார்கள். பிள்ளை ஒன்றுக்கு மேற்பட்டவரிடம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த ஆட்கள் அடிக்கடி மாறக் கூடாது.

பேச்சு வராத பிள்ளையிடம் பேசாமலிருப்பது

மீன் கழுவும்போதும் பேசுங்கள்.

இனி என்ன செய்ய என்று கைவிடுவது

ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், அநாதை இல்லப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்குள் சேர்ந்தவர்களின் மூளை அலைகள், எட்டு வயதில், சொந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தன. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அவ்வளவு மாற்றம் இல்லை. ஆகவே சீக்கிரம் தொடங்குவது நல்லது.

என் மூத்தவளுக்கு ஒன்றரை வயதாகும்போதுதான் நான் மாறினேன். அழுதால் உடனே எடுத்தேன். முதலில் கையில் விறைப்பாகவே இருப்பாள். சில மாதங்கள் கழித்து, இரவில் விழித்தால் என் பாயைத் தேடி வரத் தொடங்கினாள்.