ஊசியைக் கண்டால் மயங்குபவர்கள் அந்த அச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் முறை

ஒரு பொருளோ சூழலோ உண்மையில் தரக்கூடிய ஆபத்தைவிடப் பல மடங்கு அச்சத்தை எழுப்பி, அதைத் தவிர்ப்பதற்காகவே ஒருவர் தமது அன்றாட வாழ்க்கையை வளைத்துக்கொள்ளும் நிலை ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால், மனநல மருத்துவத்தில் அதனை ஃபோபியா என்கிறார்கள். நாய், பாம்பு போன்ற உயிரினங்கள். உயரம், இடி, ஆழமான நீர் போன்ற இயற்கைச் சூழல்கள். லிஃப்ட், விமானம் போன்ற அடைபட்ட இடங்கள். ரத்தம், ஊசி, காயம். இவற்றில் அடங்காதவையாக, தொண்டை அடைத்துவிடுமோ, வாந்தி வந்துவிடுமோ என்பன போன்ற அச்சங்கள் என இவற்றை ஐந்து வகையாகப் பிரிப்பது வழக்கம். ஒவ்வோர் அச்சத்துக்கும் ஒரு கிரேக்கப் பெயர் சூட்டும் நீண்ட பட்டியல்கள் இணையத்தில் உலவுகின்றன. அந்தப் பெயர்களை அறிவதைவிட, அச்சம் வரும்போது நம் உடல் என்ன செய்கிறது என்பதைக் கவனிப்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

நாயையோ உயரத்தையோ கண்டு நடுங்குபவருக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். மயங்கி விழுவோமோ என்று அவர் அஞ்சினாலும் பெரும்பாலும் விழமாட்டார். ரத்தத்துக்கும் ஊசிக்கும் அஞ்சுபவர்களில் பலருக்கோ இவ்விரண்டும் முதலில் சற்று ஏறி, பிறகு திடீரெனச் சரிந்துவிடுகின்றன. மூளைக்குச் செல்லும் ரத்தம் குறைவதால் காது அடைக்கிறது, முகம் வெளிறுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. இது கோழைத்தனமும் அன்று, நடிப்பும் அன்று. குடும்பத்தில் தந்தைக்கோ தாய்க்கோ இப்படி மயக்கம் வரும் பழக்கம் இருந்தால் பிள்ளைகளுக்கும் வருவதைப் பரவலாகக் காணலாம். எனவே, மற்ற அச்சங்களுக்குச் சொல்வதைப்போல "உடம்பைத் தளர்த்தி விடுங்கள்" என்று இவர்களுக்கு அறிவுரை கூறினால், ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் ரத்த அழுத்தம் மேலும் இறங்கவே அது வழிசெய்யும்.

இவர்களுக்குத் தேவை அதற்கு நேர்மாறான பயிற்சி. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட், உல்ஃப் ஸ்டெர்னருடன் சேர்ந்து 1987-இல் இதனை விவரித்து எழுதினார். நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து, கைகள், கால்கள், வயிறு, மார்பு ஆகியவற்றின் தசைகளை ஒருசேர இறுக்க வேண்டும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. முகத்தில் இலேசான சூடு ஏறுவதை உணரும்வரை, அதாவது 10 முதல் 15 விநாடிகள் வரை, அந்த இறுக்கத்தைத் தக்கவைத்துப் பின் விட வேண்டும். விடும்போது துவண்டு சாய்ந்துவிடாமல், இறுக்குவதற்கு முன்பிருந்த இயல்பு நிலைக்கு மட்டும் திரும்பி, 20 முதல் 30 விநாடிகள் கழித்து மீண்டும் இறுக்க வேண்டும். இவ்வாறு ஐந்து முறை செய்வது ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று என ஒரு வாரம் பழகினால், தேவைப்படும் நேரத்தில் யோசிக்காமலே உடல் இதனைச் செய்துவிடும். தலைவலி வந்தால் அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள் என்று பொருள். உயர் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

மயக்கத்தைத் தடுக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அச்சத்தையே எதிர்கொள்ளும் வேலை தொடங்குகிறது. அச்சத்தை வளர்ப்பது தவிர்த்தல்தான். பரிசோதனையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிம்மதி, அடுத்த முறையும் தள்ளிப்போடவே நம்மைத் தூண்டுகிறது. ஆகவே, எளிதானதிலிருந்து கடினமானதுவரை படிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை அச்ச மதிப்பெண் இடுங்கள். சிரிஞ்சின் படத்தைப் பார்ப்பது 20 என்றால், ரத்தம் எடுக்கும் காணொளியைப் பார்ப்பது 40 ஆகலாம். ஊசி பொருத்தாத சிரிஞ்சைக் கையில் பிடித்திருப்பது, வீட்டார் ஒருவருடன் லேபுக்குச் சென்று அருகில் நிற்பது, தன் கையில் ரப்பர் பட்டையைக் கட்டச் சொல்லி முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சின் குளிர்ச்சியை உணர்வது எனப் படிகள் உயரும். ஒரு படியில் அச்சம் பாதியளவாவது தணியும்வரை அங்கேயே இருங்கள். பாதியில் எழுந்து ஓடினால் அச்சமே வென்றதாகிவிடும். தலை சுற்றுவதற்கான முதல் அறிகுறி தோன்றியவுடன் தசைகளை இறுக்குங்கள்.

உண்மையில் ஊசி போடும் நாளில், வெறும் வயிற்றுப் பரிசோதனையாக இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள், தண்ணீரும் குடியுங்கள். "எனக்கு மயக்கம் வரும், படுக்க வைத்து எடுங்கள்" என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் இதை அடிக்கடி கேட்பவர்கள்தாம். ஊசி ஏறும் கையைத் தளர்வாக வைத்து, மற்ற கையையும் கால்களையும் மட்டும் இறுக்குங்கள். முடிந்ததும் உடனே எழாமல் சில நிமிடங்கள் அப்படியே இருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "சாப்பிடாவிட்டால் டாக்டர் மாமாவிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இந்த அச்சம் பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலேயே வேர்விடுவதால், அந்த மிரட்டலை அறவே கைவிட வேண்டும். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், உடனே போய்விடும் என்று உண்மையைச் சொல்லி, மடியில் அமர்த்திக் கதை பேசுங்கள்.

சர்க்கரை நோயிருந்தும் இன்சுலினை மறுப்பது, பிரசவத்தையோ அறுவை சிகிச்சையையோ நினைத்து உறக்கம் இழப்பது என்ற அளவுக்கு அச்சம் முற்றியிருந்தால், தனியே முயலாமல் உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ அணுகுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.