பெட்டியை மாற்றும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்: வீட்டு ஸ்பீக்கர்களில் நாம் விடும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலையில் நாங்கள் ஐந்தாறு பேர் ஒருவர் வீட்டில் கூடுவோம். ஒரு முறை உவர்மலையில், அடுத்த முறை உப்புவெளியில், இன்னொரு முறை டச்பே பக்கம் கடலுக்குக் கிட்ட. யார் வீட்டு முறையோ அவர் தேத்தண்ணி தருவார், நாங்கள் அவருடைய செட்டைக் கேட்போம். கேட்டு முடிந்ததும் கதை தொடங்கும். பேஸ் என்கிற கீழ் ஒலி கூடிப்போய்விட்டதா, குரல் எந்தப் பக்கமாக வருகிறது, வயரை மாற்றினால் சரிவருமா என்று இருட்டும் வரை போகும். இப்படிப் பல வருடமாக வீடு வீடாகக் கேட்டதில் எனக்கு ஒன்று திட்டமாகத் தெரியும். பெட்டி சரியில்லை என்று காசு சேர்த்துப் புதிது தேடுகிற பலருக்கு, கையில் இருக்கிற பெட்டியே போதும். அதை வைத்த இடமும், அறையும், எங்கள் கடற்காற்றும்தான் அதைக் கெடுத்து வைத்திருக்கின்றன.

எந்தச் செட்டையும் நான் தவிலை வைத்துத்தான் சோதிப்பேன். பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அதை விட நல்ல அளவுகோல் இல்லை. தொப்பி என்கிற இடப்பக்கத் தோலில் கழி விழும் சத்தம் வேறு, வலந்தலை என்கிற வலப்பக்கத் தோலில் கூடு போட்ட விரல்கள் விழும் சத்தம் வேறு. ஒன்று கனத்து உருளும், மற்றது சுள்ளென்று வெட்டும். வேக நடையில் இரண்டும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டும் கலந்து ஒரே உறுமலாக வந்தால் எங்கோ பிழை இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் அப்படித்தான் கேட்டது. பழைய பெட்டிகள், நல்ல பெட்டிகள். ஒன்று கண்ணாடி ஷோகேசுக்குள், இரண்டு பக்கமும் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில் இருந்தது. மற்றது அலுமாரிக்கு மேலே, மூலையோடு ஒட்டி, கூரையைப் பார்த்தபடி. கேட்கும் கதிரை எதிர்ச் சுவரில் முதுகு முட்ட இருந்தது. “தம்பி, ஊஃபர் பழுதாகிவிட்டது போல, புதுசு பார்க்க வேணும்” என்றார். கீழ் ஒலி தரும் பெரிய கோனைத்தான் சொன்னார். “பொறுங்கோ மாஸ்டர், முதலில் இதை இறக்கிப் பார்ப்பம்” என்றேன்.

அந்த ஹோலில் மூன்று தவறுகள் சேர்ந்து இருந்தன. முதலாவது மூலை. தரை, பின்சுவர், பக்கச்சுவர் என்று பெட்டிக்குக் கிட்ட இருக்கும் ஒவ்வொரு பரப்பும் கீழ் ஒலியின் சத்தத்தை 6 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை தூக்கிவிடும். மூலையில் வைத்தால் மூன்றும் சேரும். மேல் ஒலிகளுக்கு இந்தத் தூக்கல் கிடைக்காது. அதனால் குரலும் நாதஸ்வரமும் பின்னால் போய், பேஸ் மட்டும் வீங்கி நிற்கும். இரண்டாவது ஷோகேஸ். கண்ணாடி அதிரும் சத்தத்தைப் பலர் ஸ்பீக்கரின் கரகரப்பு என்று நினைக்கிறார்கள். பாட்டு ஓடும்போது கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், கரகரப்பு நின்றால் விடை கிடைத்துவிட்டது. பின்பக்கம் துளை உள்ள பெட்டியை அலுமாரிக்குள் அடைத்தால் துளையால் வரும் ஒலி உள்ளேயே சுற்றிப் பொங்கும்.

மூன்றாவது கதிரை. இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. மாஸ்டரின் ஹோல் 12 அடி நீளம், அதாவது ஏறத்தாழ 3.66 மீற்றர். எங்கள் வெயிலில் ஒலி செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர் போகும். அப்படி ஒரு நீளத்துக்குள் சுமார் 48 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது செக்கனுக்கு 48 தரம் அதிரும் கீழ் ஒலி, இரண்டு சுவர்களுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு நிலையாக நிற்கும். சுவரோரம் அது உச்சத்தில் இருக்கும், அறையின் சரி நடுவில் அநேகமாகக் கேட்கவே கேட்காது. பேஸ் கிற்றாரின் தடித்த தந்தியில் மூன்றாவது கட்டில் பிடிக்கும் சுரம் 49 ஹெர்ட்ஸ். பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் சுவர் உறுமும், பக்கத்துச் சுரங்கள் சாதாரணமாகப் போகும். ஊஃபரை மாற்றினாலும் இது மாறாது. கதிரையை இரண்டு மூன்று அடி முன்னே இழுத்தால் மாறும். நடு அறைக்கும் போய்விடக் கூடாது, அங்கே பேஸ் காணாமல் போகும்.

பெட்டிகளை இறக்கி, பலகை ஸ்டூல் இரண்டில் பின்சுவரிலிருந்து 2 அடி, பக்கச் சுவரிலிருந்து கொஞ்சம் கூட என்று தள்ளி வைத்தோம். மேல் ஒலி தரும் சின்ன ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு வந்தது. இரண்டு பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில் கதிரை. பெட்டிகளின் முகத்தை ஆளை நோக்கிச் சற்றுத் திருப்பினோம். அதே தவிலைப் போட்டதும் கழி தனியாக, விரல் தனியாக வந்துவிட்டது. குரல் இரண்டு பெட்டிகளிலும் இல்லாமல் நடுவில், சாமிப்படத்துக்குக் கீழே, வெறும் சுவரிலிருந்து வந்தது. மாஸ்டர் எழுந்து போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

பேசுக்கென்றே தனி சப்ஊஃபர் பெட்டி வைத்திருப்பவர்கள் இடம் தேட நல்ல வழி ஒன்று உண்டு. சப்ஊஃபரைக் கேட்கும் கதிரை இருக்கும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து, பேஸ் எந்த இடத்தில் ஒரே சீராகக் கேட்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் சப்ஊஃபர், பழைய இடத்தில் கதிரை. ஒலி போகும் பாதை இரண்டு திசையிலும் ஒன்றுதான், அதனால் இது சரியாக வேலை செய்யும்.

அடுத்தது அறை. சீமெந்துத் தரையோ டைல்ஸோ, சுண்ணாம்பு பூசிய சுவர், கண்ணாடி யன்னல், இதுதான் இப்போது எங்கள் வீடுகள். நடு ஹோலில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். “டர்ர்” என்று ஒரு வால் இழுபட்டால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். இதற்குப் பலர் செய்வது சுவரில் முட்டை மட்டை ஒட்டுவது. தயவுசெய்து வேண்டாம். அந்தக் காகித மட்டை மிக மெல்லியது, மேல் ஒலியில் கொஞ்சத்தைச் சிதறடிக்கும், குரல் மட்டத்துக்கும் பேசுக்கும் ஒன்றும் செய்யாது. தூசியும் பூச்சியும்தான் சேரும். மழை மாதத்தில் பூஞ்சணமும் பிடிக்கும்.

எங்களிடம் இருக்கிற நல்ல பொருள் தும்பு மெத்தை. நாலு அங்குலத் தும்பு மெத்தையைத் துணி போட்டு மூடி, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். குரல் மட்டத்தில் வித்தியாசம் உடனே தெரியும். தரையில் பன்பாய் விரித்தால் மேல் ஒலியின் கூச்சம் குறையும். அதோடு நிரம்பிய புத்தக அலுமாரி ஒன்று, சுருக்கு விட்ட கனத்த திரைச்சீலை, பஞ்சு வைத்த செற்றி. இதற்கு மேல் வீட்டு ஹோலுக்குப் பெரிதாகத் தேவைப்படாது.

அப்புறம், திறந்த யன்னல். 1890களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபின் என்ற பௌதிகவியலாளர் ஒரு விரிவுரை மண்டபத்தின் எதிரொலியைக் குறைக்க ஆராய்ந்தபோது, இருக்கை மெத்தைகளை உள்ளே கொண்டுவந்து கொண்டுபோய் அளந்தார். ஒலியை உறிஞ்சுவதற்கு அவர் அலகாகக் கொண்டது திறந்த யன்னலைத்தான். போன ஒலி திரும்பி வராது, அவ்வளவு நல்ல உறிஞ்சி வேறில்லை. கச்சான் காற்று அடிக்காத பின்னேரத்தில் எல்லா யன்னலையும் திறந்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். மூடிய ஹோலில் உறுமிய பேஸ் அடங்கியிருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கேட்பார் என்பதை நினைத்துச் சத்தத்தை வையுங்கள்.

சத்தம் என்றதும் வாட்ஸ் கணக்குக்கு வர வேண்டும். பெட்டியில் பிஎம்பிஓ (ஒரு கணத்து உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். அதற்குப் பொது விதி எதுவும் இல்லை, யாரும் எதையும் போடலாம். தொடர்ந்து தரக்கூடிய வாட்டைச் சொல்லும் ஆர்எம்எஸ் அளவையும், ஸ்பீக்கரின் உணர்திறனையும் கேளுங்கள். 88 டெசிபெல் உணர்திறன் என்றால் 1 வாட்டுக்கு 1 மீற்றர் தூரத்தில் 88 டெசிபெல் வரும், அது வீட்டுக்குக் கணிசமான சத்தம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 40 வாட் அம்பை, அதாவது அம்ப்ளிஃபையரை, கொடுத்து 60 வாட் அம்ப் வாங்குவதில் அர்த்தம் இல்லை.

ட்வீட்டர்களை எரிப்பது பெரும்பாலும் சின்ன அம்ப்தான். பிறந்தநாள் வீட்டில் யாரோ வந்து வொலியூமைக் கடைசி வரை திருகுவார்கள். அம்பால் அதற்கு மேல் கொடுக்க முடியாதபோது ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் மேல் ஒலிச் சக்தி அளவுக்கு மீறி இருக்கும், அது முழுக்க ட்வீட்டருக்குப் போகும். ஒலி கரகரக்கத் தொடங்கிய உடனே குறையுங்கள். இரண்டு சோடிப் பெட்டிகளை ஒரே முனையில் சேர்த்துக் கட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். 8 ஓம் தடையுள்ள பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 4 ஓம் ஆகும், எல்லா அம்பும் அதைத் தாங்காது.

வயர் மாறிப் போடுவது சின்னத் தவறு, ஆனால் அடிக்கடி காண்கிறேன். ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறினால் ஒரு கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். நிறம் அழிந்த வயராக இருந்தால் அம்பைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பற்றரியை வயர் நுனியில் ஒரு கணம் தொடுங்கள். பற்றரியின் கூட்டல் முனை பெட்டியின் சிவப்பு முனைக்குப் போகும் வயரோடு சேர்ந்தால் கோன் வெளியே வரும்.

இனி எங்கள் ஊருக்கே உரிய பாடு, கடற்காற்று. டச்பே வீட்டில் ஒரு நண்பர் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பெட்டி ஒன்றை நல்ல விலைக்கு வாங்கினார். வெளியில் மரம் பளபளவென்று இருந்தது. முன் துணியைக் கழற்றி ஊஃபரின் ஓரத்தை நான் விரலால் தொட்டேன், கறுப்பு மாவாக உதிர்ந்து கையில் ஒட்டியது. கோனைச் சுற்றி வரும் அந்த வளையம் பஞ்சு ரகமாக இருந்தால், சூடும் ஈரமும் சேர்ந்து பத்துப் பதினைந்து வருடத்தில் அதைக் கரைத்துவிடும். ரப்பர் வளையம் அதைவிட நெடுநாள் நிற்கும். பழைய பெட்டி வாங்கும்போது துணியைக் கழற்றாமல் காசு கொடுக்காதீர்கள். இரண்டு கை விரல்களாலும் கோனை ஒரே அளவாக மெல்ல உள்ளே அழுத்துங்கள். உராயும் சத்தம் கேட்டால் உள்ளே கம்பிச் சுருள் உரசுகிறது. வளையம் மட்டும் போயிருந்தால் மாற்றலாம், அந்தக் காரணத்துக்காக நல்ல ஊஃபரை எறியவும் வேண்டாம்.

உப்புக் காற்று செப்பையும் விடாது. வயர் நுனி பச்சையாகியிருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்ததும் பாருங்கள். பச்சை கண்டால் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தோல் உரித்து முறுக்குங்கள். வாங்கும்போதே நுனியைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். 20 அடி ஓட்டத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் அசல் செப்பு வயர் தாராளமாகப் போதும், அதற்கு மேல் வயருக்குக் கொட்டும் காசைத் தும்பு மெத்தைக்குப் போடுங்கள். பின்பக்கத் துளைக்குள் பல்லி போய் முட்டையிடும், அம்புக்குள் நுழைந்தால் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்து ஷோர்ட் ஆக்கும். துளையை மெல்லிய நுளம்பு வலையால் கட்டலாம், பஞ்சைத் திணிக்காதீர்கள். அம்பின் மேல் துணி விரிப்பதும் கூடாது, அது சூட்டை அடைத்துவிடும்.

ஐப்பசி இடிக்குச் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்பியவர்கள் பல அம்ப்களை இழந்திருக்கிறார்கள். சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி மில்லிமீற்றர் கணக்கு, மின்னலுக்கு அது ஒரு தடையே இல்லை. பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் அன்டெனாக் கேபிளையும் கழற்றுங்கள், அந்த வழியாகவும் வரும்.

செட்டில் ஓயாத “ம்ம்” என்ற முனகல் இருந்தால் முதலில் அந்த டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. டிவியிலிருந்து அம்புக்கு ஒப்டிகல் கேபிள் போட்டால் ஒலி வெளிச்சமாகப் போகும், மின் தொடர்பே இருக்காது. இதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்களை நான் நேரே கண்டிருக்கிறேன். அது உயிரோடு விளையாட்டு. பிள்ளைகள் தொடும் பெட்டி அது, ஒருக்காலும் செய்யாதீர்கள்.

கடைசியாக, ஒப்பிடும்போது விடும் தவறு. எங்கள் கூட்டத்தில் ஒரு காலம் இதனாலேயே சண்டை வரும். இரண்டு அம்ப்களை மாற்றிப் போட்டால், ஒன்று ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலும் எல்லோரும் அதையே தெளிவு என்பார்கள். சத்தம் கூடினது என்று காதுக்குத் தெரியாது, நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரியும். இப்போது நாங்கள் கதிரையில் போனை வைத்து, சத்தம் அளக்கும் செயலியில் இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்கிறோம். ஒரு முறைக்கு ஒன்றைத்தான் மாற்றுவோம். ஒரே பாட்டு, ஒரே கதிரை, ஃபேன் அணைத்திருக்க வேண்டும், எது ஓடுகிறது என்று கேட்பவருக்குச் சொல்வதில்லை. போன மாதம் உப்புவெளியில் இப்படி இரண்டு வயர்களை மாற்றி மாற்றிப் போட்டோம், எங்கள் ஆறு பேரில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு பெட்டிகளை ஓர் அடி முன்னே தள்ளினோம். கண்ணை மூடியிருந்த மாஸ்டர்தான் முதலில் கையைத் தூக்கினார்.