கடைக்கே வந்து விற்றால், ரத்து செய்ய ஏழு நாள் உண்டா?

போன வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில் புதிதாக அச்சகம் வைத்திருக்கும் ஒரு தம்பி, கலர் பிரிண்டர் லீஸ் பத்திரத்தோடு என்னிடம் வந்தார். "கடைக்கே வந்து கையெழுத்து வாங்கிட்டாங்கண்ணே. ஏழு நாளுக்குள்ள வேணாம்னு சொல்லிடலாம்ல? கன்ஸ்யூமர் சட்டம் இருக்கே" என்றார். எனக்குப் பகீரென்றது. ராயபுரத்தில் தொழில் தொடங்கியபோது இதே நம்பிக்கையில்தான் நானும் மூன்று வருட லீஸில் மாட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று எல்லோரும் சொல்வார்கள், அதை விடுங்கள். படித்தவர்களும் விழும் குழி வேறு.

நுகர்வோர் சட்டம் கடைக்கும் பொருந்தும் என்று நினைப்பது

ஐரோப்பாவில் வீடு தேடி வந்து விற்றால், வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் விலகலாம். அங்கேயும் அது நுகர்வோருக்கான உரிமை. பிரான்சில், ஐந்து பேருக்கு மேல் வேலையாள் இல்லாத தொழில்காரர், தன் முக்கியத் தொழிலுக்குள் வராத ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டால் அவருக்கும் அது கிடைக்கும். நம் ஊரில் அப்படி ஏற்பாடு இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குபவரை நுகர்வோராகவே கணக்கில் எடுப்பதில்லை. நேரடி விற்பனைக்கான 2021 விதிகளும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவைதான்.

ஒரு விலக்கு உண்டு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கி, தானே பயன்படுத்தினால் அவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவர் இருந்தாலும் அது கெடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் அச்சகத்தில் அப்போது ஒன்பது பேர். கன்ஸ்யூமர் கோர்ட்டில் நான் போட்ட மனு தள்ளுபடியானது. அதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. மெஷின் மூலையில் கிடந்தாலும் தவணை ஏறிக்கொண்டேயிருந்தது. இன்றும் யாராவது ஒரு கடைக்காரரிடம் "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ" என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுச் சொல்லலாமே.

சரி, பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால்? 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் பொய்யை நிரூபிப்பது உங்கள் பாடு. மெஷினை ஓட்டிக்கொண்டே ரத்து கேட்டால் எடுபடாது.

செக்கை நிறுத்துவது

லீஸ் தவணைக்குக் கொடுத்த செக்குக்கு வங்கியில் 'ஸ்டாப் பேமெண்ட்' கொடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். அப்படித் திரும்பும் செக்குக்கும், செக் மோசடிகளுக்கான செலாவணி முறிச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138ஆம் பிரிவில் வழக்கு வரும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். கடன் வாங்கித்தான் கட்டினேன்.

வாய்ப்பேச்சு

விற்க வந்தவர் வாயால் சொன்னது பத்திரத்தில் இல்லையென்றால் இல்லை.

வழக்கு எந்த ஊரில்?

தகராறு வந்தால் எந்த ஊர் கோர்ட் என்று பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். என்னுடையதில் டெல்லி.

அப்புறம், தம்பியின் பத்திரத்தை வரிவரியாகப் படித்தோம். மெஷின் கடையில் இறங்கும் முன் எழுத்தில் கேட்டால், முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு ரத்து செய்வார்கள் என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. மெஷின் இன்னும் வரவில்லை. என் கடையிலேயே கடிதம் அடித்து, மின்னஞ்சலில் அனுப்பினோம். தபால் நிலையம் மூடுவதற்குள் ஸ்பீட் போஸ்ட் ரசீதும் அவர் கைக்கு வந்துவிட்டது.