மலை ஏறும்போது பழைய ஜீப் சூடாகிறதா? ரேடியேட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

பழைய ஜீப் சூடாகிறது என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் ரேடியேட்டரை மாற்று என்பார், இன்னொருவர் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறக்கிற வால்வு) கழற்றி எறி என்பார். இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வண்டி எப்போது சூடாகிறது என்பதை முதலில் கவனியுங்கள். பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

என்னுடையது மஹிந்திரா எம்எம் 540. பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின், 2112 சிசி. கொல்லிமலைக்கு அடிக்கடி போகிற வண்டி. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். கூலிங்கில் குறை இருந்தால் சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் டெம்பரேச்சர் மீட்டர் முள் காட்டிக்கொடுத்துவிடும். மஹிந்திராவின் கமாண்டர், மார்ஷல் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசை ஒத்துவரும். எந்த ஹோஸ் எங்கே போகிறது என்பது தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. எப்போது சூடாகிறது?

நின்ற இடத்தில், அல்லது ஊர்ந்து போகும்போது ஏறி, சமவெளியில் ஓடினால் இறங்கிவிடுகிறதா? காற்று போதவில்லை. ஃபேன், பெல்ட், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு) பக்கம் போங்கள். மேட்டில் லோடோடு ஏறும்போது மட்டும் சூடாகிறதா? தண்ணீர் ஓட்டத்திலோ ரேடியேட்டரிலோ அடைப்பு. காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் விறைத்துக்கொண்டால் எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

உண்மையிலேயே சூடாகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில், தொடாமலே சூட்டை அளக்கிற இன்ஃப்ராரெட் கன் காட்டினால் மீட்டர் பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். இந்த வேலைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் அதைத்தான் வாங்குவேன்.

2. ஆறின எஞ்சினில் பார்ப்பவை

சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஆறிய பிறகு திறந்து ரப்பர் வாஷரைப் பாருங்கள். வெடித்திருந்தால் மூடியையே மாற்றுங்கள். பழைய மூடியில் என்ன பிரஷர் அச்சிட்டிருக்கிறதோ அதே பிரஷர் வேண்டும். மூடி பிரஷரைத் தாங்கினால்தான் தண்ணீர் கொதிக்கும் புள்ளி உயரும். உயரம் கூடக்கூட அந்தப் புள்ளி கீழே வரும். 1,200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் மலை வண்டிக்கு மூடி சாதாரண விஷயமில்லை. எஞ்சின் ஆறும்போது மேல் ஹோஸ் சப்பையாகிறதென்றால் மூடியின் உள்வால்வு ஒட்டிக்கொண்டது.

பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்க வேண்டும். அப்புறம் ஃபேன். எஞ்சினை ஐடிலில் விட்டு, ஒரு தாளை கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். தாள் கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டால் சரி. ஒட்டாமல் சும்மா ஆடினால், வாட்டர் பம்ப் மாற்றினபோது ஃபேனைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கீழ் ஹோஸை யாரும் பார்ப்பதில்லை. அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். பல வண்டிகளில் அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங் இல்லாத ஹோஸை வாங்கிப் போட்டால் ஐடிலில் ஒன்றும் தெரியாது, ஆக்ஸிலரேட்டரை உயர்த்தினால் ஹோஸ் சப்பி அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் நின்றபடி ஒருவரை ரேஸ் செய்யச் சொன்னால் கண்ணாலேயே பார்க்கலாம்.

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் தண்ணீர் கசிந்தால் சீல் போய்விட்டது, பம்ப்பை இறக்குங்கள். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு. அடைத்தால் தண்ணீர் நேரே பேரிங்குக்குள் போகும்.

3. தெர்மோஸ்டாட்

கழற்றி, நூலில் கட்டி, தண்ணீர் வைத்த பாத்திரத்தில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். அடித்தட்டில் தொடக்கூடாது. உடம்பில் 82 என்று அச்சிட்டிருந்தால் 82 டிகிரி வாக்கில் வாய் பிளக்க ஆரம்பித்து, கொதிநிலைக்கு முன்பே முழுசாகத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் புதிதாக வாங்குங்கள்.

ஆனால் போடாமல் விடாதீர்கள். பைபாஸ் வழி உள்ள எஞ்சின்களில், தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அந்தப் பைபாஸை மூடுகிற அமைப்பு இருக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது மேட்டில் சூட்டைக் கூட்டும். சமவெளியிலோ எஞ்சின் சரியாகச் சூடேறாமல் புகை தள்ளும்.

4. ரேடியேட்டர்

வெளியே இருக்கும் சேறு, பூச்சியை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடை கன் வேண்டாம், ஃபின் மடங்கும். உள் அடைப்புக்கு, வண்டி சூடான பிறகு கோர் (டியூபும் ஃபின்னும் இருக்கும் நடுப்பகுதி) முழுக்க இன்ஃப்ராரெட் கன்னை ஓட்டுங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் சில்லென்று ஒரு பட்டை இருந்தால் அந்த டியூப்கள் அடைத்திருக்கின்றன. மேல் டேங்க்கின் ஈயப்பற்றை உருக்கிக் கழற்றி டியூப் டியூபாகக் கம்பி விட்டுத் தருவார்கள். நாமக்கல் பக்கம் லாரி வேலை செய்கிற ரேடியேட்டர் கடைக்குப் பஞ்சமில்லை. பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டரை வைத்திருங்கள். பிளாஸ்டிக் டேங்க் வெடித்தால் மலையில் யாராலும் பற்றவைக்க முடியாது.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிக்கொண்டே இருந்தால் டியூப் அடைக்காமல் என்ன செய்யும்? டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. வடித்த கூலண்டை வாசலில் வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் குடிக்கும், அது விஷம்.

5. ஏர் லாக்: என் வண்டியைப் படுத்திய இடம்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் முள் திடீரென்று ஏறி, திடீரென்று விழும். மேல் ஹோஸ் சுடும், கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கும். தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே காற்று மாட்டிக்கொண்டால் இப்படித்தான். வெந்நீர் தொட்டால்தான் அது ஒழுங்காகத் திறக்கும், காற்றில் தொங்கினால் தாமதமாகத் திறக்கும். அதற்குள் ஹெட் கொதித்துவிடும்.

வண்டியின் மூக்கை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்துங்கள். ரேடியேட்டர் வாய்தான் எல்லாவற்றிலும் உயரமாக இருக்க வேண்டும். ஹவுசிங்கில் பிளீடு போல்ட் இருந்தால் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் அங்கே உள்ள டெம்பரேச்சர் சென்சாரை இரண்டு சுற்று தளர்த்துங்கள். அவசரப்படாமல், மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். அந்த இடுக்கில் முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்போது முறுக்கிவிடுங்கள்.

இனி மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஹீட்டர் இருந்தால் அதன் வால்வு திறந்திருக்கட்டும். சூடேறும் முன்னே மேல் ஹோஸைக் கையால் பிசைந்து விடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கிற நேரத்தில் தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும். பயப்பட வேண்டாம், அதுதான் வேண்டியது. நிரப்பி, மூடியைப் போட்டு, ஒரு சுற்றுப் போய்வந்து, மறுநாள் காலை மட்டம் பாருங்கள். புதிய தெர்மோஸ்டாட்டின் தட்டில் காற்றுத் துளை இல்லையென்றால் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, துளை மேலே இருக்கும்படி பொருத்துங்கள்.

6. குமிழி நிற்கவே இல்லை என்றால்

காற்று வெளியேறின பிறகும் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் எஞ்சினை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். எக்ஸ்டிபியில் அலுமினிய ஹெட், இரும்பு பிளாக். அதிகச் சூட்டில் ஹெட் கோணும். ஹெட்டை இறக்கினால் நேர்விளிம்பு வைத்து, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்காமல் புது கேஸ்கெட் போட விடாதீர்கள். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். "கை அளவு தெரியும் சார்" என்கிற மெக்கானிக்கிடம் நான் ஹெட் வேலை கொடுப்பதில்லை.

பின்சேர்க்கை

வெறும் தண்ணீரில் ஓடிய வண்டியில் கூலண்ட் ஊற்றியதும் ஒழுக ஆரம்பித்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய உப்பும் துருவும் அடைத்து வைத்திருந்த ஓட்டைகள் திறந்திருக்கும். ஓட்டையைப் பற்றவையுங்கள். மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும்தான், கூடவே நல்ல டியூப்களும் அடைபடும்.

இன்னொருவருக்கு ஹெட்லைட் போட்டால் மட்டும் முள் ஏறுகிறதாம். அது சூடே இல்லை, எர்த். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் வயரின் இரண்டு முனையையும் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். ரேடியேட்டர் கடைக்குப் போவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.