நிறத்துக்கு முன்னால் வெளிச்சம்: சாகசக் காட்சி வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை, புளியரைப் பக்கமிருந்தும், மலைக்கு அந்தப்புறம் ஆரியங்காவிலிருந்தும் பிள்ளைகள் தங்கள் ஃபேன் ஆர்ட் படங்களை என்னிடம் கொண்டுவருகிறார்கள். பிடித்த நாயகனை ஒரு காட்டிலோ பாழடைந்த கோயிலிலோ நிறுத்திப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. கணினியில் வரையும்போது லேயருக்கு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்குக்கு, பெயர் வைக்காதது, சேமிக்க மறந்தது பற்றியெல்லாம் இங்கே சொல்லவில்லை. பட்டால் தானாகவே திருந்திவிடுவார்கள்.

நிறத்தை மட்டும் நம்பி ஆளை நிறுத்துவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பல நாள் உழைப்பை மொத்தமாகத் தின்றுவிடும் தவறு இது.

ஒரு பையன் அடர்ந்த காட்டுக்குள் சிவப்புத் துண்டு போர்த்திய வீரனை வரைந்திருந்தான். பின்னால் முழுக்கப் பச்சை இலை. "செவப்பும் பச்சையும் எதிர் நிறந்தானண்ணே, பளிச்சுன்னு தெரியும்லா" என்றான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினேன். வீரனைக் காணோம், துண்டும் இலையும் ஒரே சாம்பல். ஆள் எடுபடவில்லை என்று அவனுக்கும் முன்பே உறுத்தியிருக்கிறது. அதனால் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு, அதன்மேல் ஒளிவட்டம், அப்புறம் இன்னும் கொஞ்சம் சிவப்பு என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். உருவத்தைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாடுதான். அது இல்லாத இடத்தில் நிறத்தை எவ்வளவு கூட்டினாலும் ஆள் முன்னால் வரமாட்டான்.

சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாயைப் பார்த்தவர்களுக்கு வழி தெரியும். முன்னால் நிற்கும் மரம் கருமை, அதன் பின்னால் மூட்டம் வெளுப்பு, அதற்கும் பின்னால் மலை நடுத்தரச் சாம்பல். மூன்றே படி. அவன் படத்திலும் வீரனுக்குப் பின்னால் மூட்டத்தை இறக்கினோம். ஆள் உடனே எழுந்து நின்றான். ஆனால் நரம்பு நரம்பாக வரைந்த இலைகளில் பாதி அதற்குள் புதைந்துபோயின. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே முதலில் உள்ளங்கை அளவில், மூன்று சாம்பலில் மட்டும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். நிறம் தொட்ட பிறகு, எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயர் வைத்து, அது கீழுள்ள படத்தோடு கலக்கும் விதத்தை, அதாவது பிளெண்டிங் மோடை, 'கலர்' என்று மாற்றி அவ்வப்போது சரிபாருங்கள். போட்டோஷாப்பில் நிறத்தை நீக்கும் 'டீசாச்சுரேட்' கட்டளை இதற்கு உதவாது. சுத்த மஞ்சளையும் சுத்த நீலத்தையும் அது ஒரே சாம்பலாகக் காட்டிவிடும்.

தூரத்து மலைக்கும் கிட்டத்துப் பாறைக்கும் ஒரே கருமை

தென்காசியில் நின்று மேற்கே பாருங்கள். இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், தூரத்து மலையின் இருண்ட மடிப்புகள்தான் முதலில் வெளுத்து நீலம் பாயும். எனவே அந்த மலையின் மிக இருண்ட இடம்கூடக் கிட்டத்துப் பாறையின் நிழலைவிட வெளுப்பாகவே இருக்க வேண்டும்.

நிழலுக்குக் கறுப்பு

வேண்டாம். திறந்த வெளியில் நிழலுக்குள் வானத்தின் நீலம் விழும்.

எல்லா நிறமும் உச்சத்தில்

தீப்பந்தம் எரிய வேண்டுமானால் சுவர் மங்க வேண்டும்.

அச்சுக்குப் போகும் நியான் பச்சை

திரையில் ஒளிரும் அந்தப் பச்சை நான்கு மை அச்சில் வராது. மந்திரவாசலுக்கு அதைத்தான் பூசியிருக்கிறீர்கள் என்றால், கொடுப்பதற்கு முன் அந்த நான்கு மையில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சிஎம்ஒய்கே ப்ரூஃபில் ஒருமுறை பார்த்துவிட்டு, பச்சையைக் கூட்டுவதற்குப் பதில் சுற்றுப்புறத்தை இருட்டுங்கள்.