இடுப்பை இழுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

மார்த்தாண்டத்தில் இயன்முறை மருத்துவராகப் பணி தொடங்கிய முதல் ஆண்டில், முதுகுவலிக்காகப் படுக்கவைத்து இடுப்பில் பெல்ட் கட்டிக் கருவியால் இழுக்கும் இழுவைச் சிகிச்சையில் நான் செய்த பிழைகளை, இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் இளையவர்கள் அப்படியே செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெல்ட் கிழிந்திருக்கிறதா, மின்இணைப்பு சரியா என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரையில் தெரியும் கிலோவை நம்புவது

படுத்திருப்பவரின் இடுப்புக்குக் கீழுள்ள பகுதி, உடல் எடையில் ஏறத்தாழ பாதி இருக்கும். அது மெத்தையோடு உராய்வதால், சாதாரணப் படுக்கையில் உடல் எடையின் கால் பங்கு அளவுக்கான விசை உராய்வை வெல்வதற்கே செலவாகிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் 15 கிலோ முதுகெலும்பை எட்டுவதே இல்லை. இதற்காகத்தான் படுக்கையை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதி தனியே நகரும்படி அமைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்து வைக்க ஒரு பூட்டு உண்டு. நோயாளி ஏறும்போதும் இறங்கும்போதும் அது பூட்டியிருக்க வேண்டும். இழுக்கும்போது திறந்திருக்க வேண்டும்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி வந்தார். நான்கு நாட்களும் பூட்டைத் திறக்க மறந்தேன். “சாரே, இழுக்கிற மாதிரியே தெரியலியே” என்று அவர் சொல்லச் சொல்ல, 15, 20, 25 என்று விசையைக் கூட்டினேன். ஐந்தாம் நாள் நான் விடுப்பில் இருந்தேன். என் குறிப்பில் ‘25 கிலோ’ என்று மட்டும் இருந்ததைப் பார்த்த சக ஊழியர், முறைப்படி பூட்டைத் திறந்துவிட்டு அதே 25 கிலோவை வைத்தார். அவர் செய்ததில் தவறில்லை. நான் எழுதியதில்தான் தவறு. அன்று படுக்கையிலிருந்து இறங்கியவரால் நிமிர முடியவில்லை. வெட்டுக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லாத அவர், மூன்று வாரம் வீட்டில் கிடந்தார்.

இன்றும் பயிற்சியாளர்களின் பதிவேட்டில் கிலோ மட்டும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. உடல் எடை, பூட்டின் நிலை, தொடர் இழுவையா விட்டுவிட்டு இழுப்பதா, எத்தனை நிமிடம், இறங்கிய பின் வலி எப்படி இருந்தது என்பதெல்லாம் இல்லாத அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. பிரிந்த படுக்கையில் முதல் நாள் உடல் எடையின் கால் பங்கை நான் தாண்டுவதில்லை. இடுப்பு பெல்ட்டைச் சேலை, சாரம் இவற்றின் மேல் கட்டினால் வழுக்கும்; அதற்காக விசையைக் கூட்டுவதும் இதே தவறின் இன்னொரு வடிவந்தான்.

இடுப்பு வலியை மட்டும் கேட்பது

காலைப் பற்றிக் கேளுங்கள். கணுக்கால் வரை இறங்கியிருந்த வலி தொடைக்கும் இடுப்புக்கும் ஏறினால், இடுப்பில் சற்றுக் கூடுதலாக வலித்தாலும் அது நல்ல அறிகுறி. இடுப்பு லேசாகி, வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் இழுவையை நிறுத்த வேண்டும்.

முடிந்ததும் எழுந்து நிற்பது

கூடாது. விசையைப் படிப்படியாகக் குறைத்து, ஐந்து நிமிடமாவது படுத்திருந்து, ஒருக்களித்து எழ வேண்டும்.

தலைகீழாகத் தொங்கும் கருவி

உடல் எடையாலேயே முதுகை இழுக்கும் இந்தக் கருவியை, உயர் இரத்த அழுத்தம், கண் நீரழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம்.

விடியும் முன் குனிந்து நீட்டுவது

இரவு முழுவதும் படுத்திருக்கையில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்தவுடன் குனிந்தால் அவற்றின்மேல் சுமை மிகுதி. பால்வெட்டுத் தொழிலாளர்கள் இருட்டோடு மரத்தடியில் குனிய வேண்டியவர்கள். அதற்கு முன்பே பாதத்தைத் தொடும் பயிற்சியையும் அவர்களுக்குக் கொடுப்பது கொடுமை. அந்த நேரத்தில் சற்று நடக்கச் சொன்னால் போதும்.

எல்லா முதுகுவலிக்கும் இழுவை

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கீழ்முதுகு வலியில் இழுவையால் பெரும் பயன் தெரியவில்லை என்றது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016இல் இதை அளிக்க வேண்டாம் என்றே கூறியது. அதனால் கால்வலி உள்ள சிலருக்கு மட்டும், உடற்பயிற்சியோடு சேர்த்து, சில நாள் பார்க்கிறேன். மாற்றம் இல்லையெனில் விட்டுவிடுகிறேன். எலும்பு அடர்த்திக் குறைவு (ஆஸ்டியோபோரோசிஸ்) முற்றியவர், எலும்பு முறிவு, புற்றுநோய், முதுகெலும்பில் தொற்று உள்ளவர் ஆகியோரைப் படுக்கையில் ஏற்றுவதே இல்லை. சிறுநீர் பிரியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, எந்தக் கருவியையும் தேடாமல் அன்றே முதுகெலும்பு அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.